"பேனையை வையுங்கோ" என்று எழுதிய பேனை

உன் முகம் அச்சடித்த பேனை ஒன்று என் மேசையில் கிடக்கிறது. இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக். மூடிக்குக் கீழே நீ சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை யாரோ கம்பியூட்டரில் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். உனக்கு இல்லாத பல் இரண்டு கூடத் தெரிகிறது. பக்கத்தில் வளைந்த எழுத்தில் "பேனையை வையுங்கோ!" என்று போட்டிருக்கிறது. பேனையிலேயே, எடியே. எழுதுகிற பேனையில் பேனையை வை என்று எழுதியிருக்கிறார்கள். இதை யோசித்தவன், அச்சடித்தவன், மண்டப வாசலில் நின்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டவன், ஒருத்தனுக்கும் அதில் ஒரு கோணலும் தெரியவில்லை. எழுதிப் பார்த்தேன். கடதாசியில் கீறல்தான் விழுந்தது.

கதிரையில் ஞாயிற்றுக்கிழமை கட்டிய சேலை கிடக்கிறது. இன்று செவ்வாய், இன்னும் துவைக்கப் போடவில்லை. மண்டபத்தில் மெஷின் வைத்து விட்ட புகை அதில் ஏறியிருக்கிறது. சீனி கருகின மாதிரி ஒரு இனிப்பு மணம். காலையில் எடுத்து மணந்து பார்த்தேன், ஓங்காளம் வந்தது. நீ இருந்திருந்தால் போனில் ஒரு மணித்தியாலம் கொட்டித் தீர்த்திருப்பேன். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதோ? இனிப் போய்த் தண்ணி குடி" என்று சொல்லியிருப்பாய். "உனக்கு உலகத்தில எல்லாம் அரியண்டம்தான்" என்றும் சொல்லியிருப்பாய். ஓம், எனக்கு எல்லாம் அரியண்டம்தான், அருவருப்புத்தான். ஆனால் இந்த முறை உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் இரண்டு பேரும் இருபத்திரண்டு வருஷம் ஒரு பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற அந்த ஒழுங்கையில், தையல் கடைக்கு மேல் மாடியில், டியூஷன் நிறுவனக்காரர் ஒரு ஹோலை நடுவில் பிளைவூட் அடித்து இரண்டாக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் உன் விஞ்ஞானம், இந்தப் பக்கம் என் கணிதம். கரையோரமாக ரயில் போகும்போது இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். ரயில் போய் முடிய, பலகைக்கு அந்தப் பக்கம் முதலில் கேட்பது உன் குரல்தான்.

பிறகு சிரிப்பு கேட்கும். என் பக்கத்தில் இருக்கிற நாற்பது தலையும் ஒன்றாகப் பலகைப் பக்கம் திரும்பும். நான் டஸ்டரால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். நீ அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டுவாய். எப்போதும் ஒரு தட்டுக் கூட. வகுப்பு முடிந்து படியில் இறங்கும்போது நான் ஏசுவேன், "எடியே, இது படிப்போ கூத்தோ? அடக்கி வாசி." நீ சொல்வாய், "உன்ர பிள்ளையள் உனக்கு என்ன பேர் வைச்சிருக்குதுகள் தெரியுமோ? கசாயம்." சொல்லிவிட்டு நீயே படியில் இருந்து சிரிப்பாய். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தபோது, பொருத்தமான பெயராகத்தான் பட்டது.

ஆனால் தொடக்கத்தில் நீ பகிடி விட்டது வேறு மாதிரி. அதை இப்போது ஞாபகம் வைத்திருப்பது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் உன் பகிடி பாடத்துக்குள்ளேயே இருந்தது. பரவல் என்ற பாடத்துக்கு நீ காலி வீதியில் ஓடுகிற நூறாம் நம்பர் பஸ்ஸைக் கொண்டுவருவாய். வாசல் மிதிபலகையில் சனம் நெரிகிறது, உள்ளே இடம் கிடக்கிறது. நீ மேசையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கொண்டக்டராக மாறி, "இஸ்ஸரஹட்ட யன்ன! இஸ்ஸரஹட்ட யன்ன! உள்ளுக்குக் கிரிக்கெட் விளையாடலாம், முன்னுக்குப் போங்கோ!" என்று சிங்களமும் தமிழுமாகக் கத்துவாய். அடர்த்தி கூடிய இடத்திலிருந்து அடர்த்தி குறைந்த இடத்துக்குச் சனம் நகரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் கூட டஸ்டரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு தாய் தவணைப் பரீட்சைத் தாளோடு வந்தாள். நல்லாகப் படிக்கிற பிள்ளை. பரவல் ஏன் நடக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை வடிவான கையெழுத்தில் எழுதியிருந்தது: "கொண்டக்டர் ஏசுவதால் துணிக்கைகள் முன்னுக்குப் போகும்." சிவப்பு மையில் ஒரு முட்டை. தாய் கோபத்தோடு வரவில்லை. "மிஸ், இவ வீட்டிலயும் உங்கட பகிடியத்தான் சொல்லித் திரியிறா" என்று சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். நீ சிரிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, "சரி, கொண்டக்டர் இல்லாட்டி?" என்று கேட்டாய். பிள்ளை யோசிக்காமல் சொன்னது, "இல்லாட்டி ஒருத்தரும் நகர மாட்டினம் மிஸ்."

அவர்கள் போன பிறகு நீ படியில் இருந்தாய். நான் பக்கத்தில் வந்து இருந்தேன். பரவலில் இருக்கிற ஒரே விஷயம் அதுதான், யாரும் தள்ளாமல், யாரும் ஏசாமல், துணிக்கைகள் தாமாகவே பரவுகின்றன என்பது. அதை மட்டும் அந்தப் பிள்ளை தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. மற்றதெல்லாம் அதற்கு நல்ல ஞாபகம். நீ ஏறிய கால், தொங்கிய கை, கத்திய சிங்களம், எல்லாம்.

"என்ர பகிடி பாடத்தத் தின்னிட்டுதடி" என்றாய். உன் கண்ணில் தண்ணீர் நின்றதை அன்றைக்குத்தான் முதல்முதல் கண்டேன்.

அடுத்த வகுப்பிலிருந்து ஒரு சட்டம் வந்தது. மூன்று மணித்தியால வகுப்பின் நடுவில் பலகைக்கு அந்தப் பக்கம் உன் குரல் உயரும், "பேனையை வையுங்கோ." நாற்பது பேனை மேசையில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்கும். பிறகு பத்து நிமிஷம் என்னவும் நடக்கலாம். உன் மாமியார் காஸ் சிலிண்டரோடு சண்டை பிடித்த கதை, கிராம சேவகரிடம் போய் நீ பேசிய பிழைச் சிங்களம், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ் மாறி வருவதில் உள்ள பாடுகள். விஞ்ஞானம் மட்டும் அதற்குள் வராது. பகிடியை ஒருத்தரும் எழுதக்கூடாது, பகிடிக்குள் எழுதுகிற மாதிரி ஒன்றும் இருக்கவும் கூடாது. பத்து நிமிஷம் முடிய, அதே குரலில், "பேனையை எடுங்கோ." எடுத்த கையோடு அன்றைக்கு இருக்கிற கேள்விகளில் மிகக் கடினமானது வரும். சிரிப்பு அடங்க முதலே வரும்.

ஏன் அப்படி என்று ஒரு தரம் கேட்டேன். "சிரிச்ச பிள்ளைக்கு மண்டை திறந்து கிடக்கும். அந்த நேரத்தில லேசானதப் போட்டு ஏன் வீணாக்குவான்?" என்றாய்.

நான் உடனே ஒத்துக்கொண்டேன் என்று யாராவது நினைத்தால் அது பொய். நான் அந்தப் பத்து நிமிஷத்தையும் களவு என்றுதான் சொன்னேன். என் வகுப்பில் மூன்று மணித்தியாலமும் கணிதம். பெற்றோருக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நேரே டியூஷன், அது முடிய இன்னொன்று, அது முடிய நான். பிள்ளை எங்கே மூச்சு விடுகிறது என்று அவர்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு நாள் ஒருங்கமை சமன்பாட்டின் நடுவில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து வழுகிக் கீழே போனது. காலையில் சாப்பிட்டதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் சோக்கட்டியோடு நின்றேன். நீதான் பலகையைச் சுற்றி ஓடி வந்தாய், சீனி போட்ட பிளேன்ரீயோடு. பிள்ளை எழும்பி இருந்த பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய், "உனக்குப் பிள்ளையளின்ர முகம் தெரியாதே? நீ கரும்பலகைக்குத்தான் படிப்பிக்கிறாய்."

இரண்டு கிழமை உன்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை என் மேசை லாச்சியில் இஞ்சி பிஸ்கட் பக்கெட் ஒன்று வாங்கி வைத்தேன். இன்றைக்கும் அதில் ஒன்று எப்போதும் இருக்கும். பிள்ளைகளை அப்படிப் பிழிந்ததை நினைத்தால், இந்தப் புகையைக் கண்டு வருகிற அதே ஓங்காளம் என்மேலும் வருகிறது. அதைச் சொல்லாமல் மற்றவர்களை ஏசினால் நீ விடமாட்டாய்.

கொரோனாக் காலத்தில் வகுப்பெல்லாம் கம்பியூட்டருக்குள் போனது. நீ ஒரு வகுப்பும் விடாமல் ரெக்கோர்ட் பண்ணினாய். போன வருஷம் பங்குனியில், நீ போவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைக்குக் கீழே இருந்து அவற்றைப் போட்டு வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் கையில் தந்தாய். "என்ர வகுப்பு முழுக்க இதுக்குள்ள கிடக்கு. ஆருக்கும் பிரயோசனப்பட்டாக் குடு." குரல் அப்போதே பாதியாகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து நிறுவனத்தின் மனேஜர் என் பிளட்டுக்கு வந்தான். உனக்குத் தெரியும், உன் பழைய பிள்ளைகளில் ஒருத்தன், இரண்டாம் வாங்கு. இப்போது அந்த நிறுவனத்தை அவன்தான் நடத்துகிறான். "மிஸ், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்துப் பிள்ளையள் எத்தின பேர் வகுப்புக்கு வர வசதியில்லாம இருக்குதுகள். மிஸ்ஸின்ர பாடம் முழுக்க இலவசமாப் போடுவம்" என்றான். உன் சொந்த இடத்துப் பிள்ளைகள். நான் உருகிப்போனேன். டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணித ரீச்சர்!

முதல் வீடியோவை ஒரு பிள்ளையின் போனில் கண்டேன். நாற்பது செக்கன். நீ கமராவைப் பார்த்து "பேனையை வையுங்கோ" என்கிறாய். மாமியார் கதையில் இருந்து ஒரு துண்டு. யாரோ சிரிக்கிற சத்தத்தைப் பின்னால் போட்டிருந்தார்கள், நம் பிள்ளைகளின் சிரிப்பு இல்லை, கடையில் வாங்கின சிரிப்பு. கடைசியில் ஒரு பாட்டு. அதோடு முடிந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. மனேஜரிடம் கேட்டேன். "அது சும்மா விளம்பரத்துக்கு மிஸ். முழுப் பாடமும் வரும்." வரும் வரும் என்று ஆறு மாதம் பார்த்திருந்தேன். வந்தது உன் முகம் போட்ட ரீசேட்டு. நம் ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளை போட்டுக்கொண்டு போனது. முதுகில் "பேனையை வையுங்கோ!"

பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமை. உன் நினைவாக ஓ.எல் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு இலவசக் கருத்தரங்கு என்றார்கள். கலியாண மண்டபம் ஒன்றில். என்னை விளக்கேற்றக் கூப்பிட்டார்கள். உனக்காக என்று நல்ல சேலையாக எடுத்துக் கட்டினேன்.

உள்ளே போனால் இருட்டு. பச்சையும் நீலமுமாக லைட் சுழல்கிறது. ஒரு மூலையில் டீஜே. முந்நூறு பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்தபடி. மேடையில் புஸ் என்று புகை விட்டார்கள், அதற்குள்ளிருந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உன் இடத்துக்கு வந்த புதுச் சேர் நடந்து வந்தார். இரண்டு பக்கமும் பூவாணம் பாய்ந்தது. விஞ்ஞானம் படிப்பிக்க வருகிற மனிசன். எனக்குப் பக்கத்திலிருந்த மனேஜர் காதுக்குள் குனிந்து, "இப்பத்தைய பிள்ளையளுக்கு சும்மா படிப்பிச்சா ஏறாது மிஸ். என்ஜோய் பண்ண வேணும்" என்றான். அந்தப் பிள்ளைகளை எவ்வளவு மொக்கு என்று நினைத்திருந்தால் இப்படி ஒரு புகை போட மனம் வரும்! நீ பத்து நிமிஷம் சிரிக்க வைத்தது அவர்கள் கெட்டிக்காரர் என்று நம்பித்தான்.

பிறகு பெரிய திரையில் நீ வந்தாய். திரையில் நீ நூறாம் நம்பர் பஸ் கதை சொன்னாய்.

அந்த வகுப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது, எடியே. ஊரடங்குக் காலத்தில் நீ அதைச் சொன்னதே ஒரு எச்சரிக்கையாக. "முந்தி நான் இப்பிடி ஒரு பகிடி விட்டனான், ஒரு பிள்ளை அத அப்பிடியே எழுதி முட்டை வாங்கினது, கொண்டக்டர எழுதினீங்களெண்டா நான் செத்தாலும் மன்னிக்க மாட்டன்" என்று தொடங்கித்தான் அந்தக் கதையைச் சொன்னாய். முன்னுக்கும் வெட்டி, பின்னுக்கும் வெட்டி, நடுவில் இருந்த கொண்டக்டரை மட்டும் எடுத்திருக்கிறார்கள். "இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று நீ கத்த, முந்நூறு பேரும் கத்தினார்கள். டீஜே அந்தச் சொல்லை எடுத்துத் தாளம் போட்டுத் திருப்பித் திருப்பி அடித்தான். புதுச் சேர், "பரவல்! விளங்கிச்சுதோ?" என்றார். "ஓம்!" என்றார்கள். பாடக் குறிப்பு என்று கையில் தந்த டியூட் கடதாசியில் அச்சடித்தே இருந்தது: "பரவல் - கொண்டக்டர் சொன்னதும் துணிக்கைகள் நகர்தல்." மேலே உன் படம்.

நீ படியில் இருந்து அழுத பிழை, அது. இருபது வருஷம் ஒவ்வொரு வகுப்பிலும் நீ திருத்திக்கொண்டு வந்த பிழை. அதை உன் வாயாலேயே, உன் படத்துக்குக் கீழேயே, முந்நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் மைக்கைப் பிடித்து, "இந்தத் தாளில இருக்கிறது பிழை" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டீஜே "டொய்ங்" என்று ஒரு சத்தம் போட்டான். "பகிடி இல்லை. பேனையை எடுங்கோ" என்றேன். மண்டபம் சிரிப்பில் வெடித்தது. உன் வசனத்தை நான் மாற்றிச் சொல்லிப் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். புதுச் சேர் வந்து மைக்கை மெதுவாக என் கையிலிருந்து எடுத்து, "பாத்தீங்களா, மெட்ஸ் மிஸ்ஸும் பகிடிக்காரிதான்!" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

மேடைக்குப் பின்னால் மனேஜர் பற்றீஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றான். டிஸ்க்கைத் திருப்பித் தா என்று கேட்டேன்.

"தரலாம் மிஸ். ஆனா அதுக்குள்ள இப்ப ஒண்டும் இல்ல. முழு வீடியோ எல்லாம் அழிச்சாச்சு, இடம் காணேல்ல. நல்ல துண்டுகள் மட்டும் எடுத்து வைச்சிருக்கிறம்."

"நல்ல துண்டோ?"

"ஓம் மிஸ். பகிடியள்."

என் முகத்தைக் கண்டு அவன் பயந்துபோனான். "கோவிக்காதீங்கோ மிஸ். எங்களுக்கு அவவ மறக்க ஏலாது. இப்பிடித்தான் அவவ உயிரோட வைச்சிருக்கிறம்" என்றான். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, உண்மையாகவே அவனுக்கு உன்மேல் பாசம். எனக்கு அதுதான் இன்னும் அரியண்டமாக இருந்தது.

"நீயும் அவளிட்டப் படிச்சனிதானே. பகிடி முடிய என்ன சொல்லுவாள்?" என்று கேட்டேன்.

பற்றீஸைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தான். "என்ன சொன்னவா மிஸ்?" என்று என்னையே கேட்டான்.

நான் வெளியே வந்தேன். காலி வீதி வெயிலில் கண் கூசியது. பஸ் தரிப்பிடத்தில் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பிள்ளை என் பின்னால் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமையில் பள்ளிக்கூடச் சட்டை. நல்ல உடுப்பு வேறு இல்லைப் போல. முகத்துவாரமாம், பதினோராம் ஆண்டாம், டியூஷன் ஒன்றுக்கும் போவதில்லையாம்.

"மிஸ், அந்தத் தாள் எப்படி மிஸ் பிழை? கண்டக்டர் இல்லாட்டியும் ஆளுங்க பரவுவாங்களா?"

நான் திரும்பி அதன் முகத்தைப் பார்த்தேன். நீ சொன்னபடி, முகத்தைப் பார்த்தேன்.

"நான் அந்த மிஸ்ஸோட வீடியோ எல்லாம் பாத்திருக்கேன்" என்றது பிள்ளை. "பேனையை வையுங்கோன்னு சொல்வாங்க. நானும் கொப்பியோட உக்காந்து ஒவ்வொரு தடவையும் பேனைய வைப்பேன். ஆனா எப்ப எடுக்கிறதுன்னு சொல்லவே இல்ல மிஸ். வீடியோ அதோட நிக்குது."

அந்த இடத்தில், நூறாம் நம்பர் பஸ் ஒன்று வந்து நின்று கொண்டக்டர் கத்திக்கொண்டிருக்க, எனக்கு அழுகை வந்தது. செவ்வாய்க்கிழமை என் வகுப்புக்கு வா என்று சொன்னேன். "நான் கணிதம்தான். ஆனாலும் வா" என்றேன்.

வீட்டுக்கு வந்து, அழிந்துபோன உன் பாடங்களை நினைத்து நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். பிறகுதான் ஒன்று விளங்கியது. உன் பாடம் முழுக்க எனக்குத் தெரியும். நான் கேட்க விரும்பிக் கேட்டதில்லை. வருஷா வருஷம் ஒரே பாடம், ஒரே பலகை வழியாக, என் சமன்பாடுகளுக்கு நடுவில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. பிரசாரணப் பாடத்துக்கு நீ எங்கே நிறுத்தி மூச்சு விடுவாய், அமிலத்துக்கு எந்தக் கேள்வியை முதலில் கேட்பாய், எல்லாம் கிடக்கிறது. பகிடிதான் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. உன் பக்கத்தில் சிரிப்பு வருகிற நேரமெல்லாம் நான் டஸ்டரால் தட்டிக்கொண்டிருந்தேனே.

இன்று பின்னேரம் பிள்ளை இரண்டு பஸ் மாறி வந்து கடைசி வாங்கில் இருந்தது. லாச்சியைத் திறந்து பிஸ்கட் பக்கெட்டைக் கொடுத்தேன். வகுப்பு நடுவில், ஒன்றரை மணித்தியாலம் முடிய, "பேனையை வையுங்கோ" என்றேன். என் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கசாயத்துக்கு என்ன நடந்தது என்று யோசித்திருப்பார்கள். உன் மாமியாரின் காஸ் சிலிண்டர் கதையைச் சொன்னேன். முடிவை முதலே சொல்லிவிட்டேன், நடுவில் மாமியாரா சிலிண்டரா முதலில் உருண்டது என்று மறந்துபோனேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கடைசியில் நான் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் கொஞ்சப் பேர் சிரித்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் புதுச் சேர் மெஷினில் கைதட்டல் போட்டுக்கொண்டிருந்தார். பழைய ஞாபகத்தில் டஸ்டரால் இரண்டு தட்டுத் தட்டினேன். கைதட்டல் நின்றது. நான் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றேன், எதற்கு என்று உனக்குத் தெரியும். மூன்று தட்டு வரவில்லை.

"பேனையை எடுங்கோ" என்றேன்.

எடுத்தார்கள். கணித வகுப்பில் உன் கேள்வியைக் கேட்டேன், உன் சொற்களிலேயே. "பஸ்ஸில கொண்டக்டர் இல்லை. ஏசுறதுக்கு ஒருத்தரும் இல்லை, தள்ளுறதுக்கும் ஒருத்தரும் இல்லை. துணிக்கை ஏன் பரவுது?" எல்லாரும் குனிந்தார்கள். கடைசி வாங்குப் பிள்ளை மட்டும் பேனையை உதறியது, ஊதியது, உள்ளங்கையில் தேய்த்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் கொடுத்த பேனை. நான் போய் அதை வாங்கிக்கொண்டு என்னுடையதைக் கொடுத்தேன்.

அது எழுதியது. நான் தோளுக்கு மேலால் வாசித்தேன்: "துணிக்கைகள் ஒருபோதும் சும்மா நிற்பதில்லை. அதனால் தாமாகப் பரவும்." எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. விடை சரி.